போணி ஆகாமல் ஊசி இல்லை

கர்ப்பிணிப் பெண்களுக்கென்று சர்க்கார் அனுப்பிய டெட்டனஸ் ஊசியை உலகத்திலேயே அதிகத் தடவை போட்டுக்கொண்ட ஆண்பிள்ளை யார் என்று எவராவது போட்டி வைத்தால், நூம்பல் போணி நைனாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊசி மட்டுமா? சத்து மாத்திரை, பூச்சி மருந்து, பிள்ளைகளின் கண்ணுக்கென்று கொடுக்கிற வைட்டமின் திரவம் எல்லாவற்றையும் ருசி பார்த்த உடம்பு அது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தையே விழுங்கிவிட்டு, மேலே ஒரு டீயும் குடித்துவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர். ஊசி போட்ட கை என்னுடையது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் கிராம சுகாதார நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். எங்கள் லைனில் சேலத்துக்காரர், மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லாரும் உண்டு, மெட்ராஸ்காரர் மட்டும் மருந்துக்கும் கிடையாது. அதனால் மெட்ராஸ் பாஷை என்பதை நான் முதன்முதலாக முழுசாகக் காதில் வாங்கியது நூம்பலில்தான். பஸ் மாறி வேலப்பன்சாவடியில் இறங்கி, உள்ளே நடந்து போக வேண்டும். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அப்போது வயல் கொஞ்சம், மனைக்கல் கொஞ்சம், எருமை நிறைய.

முதல் புதன்கிழமை தோளில் தடுப்பு மருந்துப் பெட்டியோடு போனேன். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் மருந்து. "இன்னாம்மா பொட்டில? குச்சி ஐஸா?" என்று கேட்டுக்கொண்டு தெருப் பிள்ளைகள் அத்தனையும் என் பின்னாலேயே வந்தன. ஒரு வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தேன், அவ்வளவுதான். பிள்ளைகள் போன திசை தெரியவில்லை. தெரு முழுக்கக் கதவு சாத்துகிற சத்தம். அந்த வீட்டுப் பெண் அடுப்பில் கொதித்த குழம்பை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாகப் போய்விட்டாள். அடிப்பிடிக்கிற வாடை வந்தது. நானே உள்ளே போய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஜனத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. சில வருஷம் முன்னால் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தபோது, சத்தம் கேட்டதுமே ஊர் ஆம்பளைகள் ஏரிக்குள் இறங்கி, தலை மட்டும் தெரிய, பொழுது சாயும் வரை நின்றார்களாம். அதில் கல்யாணமாகாத பையன்களும் உண்டு, பேரன் எடுத்த கிழவர்களும் உண்டு. அன்றிலிருந்து சர்க்கார் ஊசி என்றால் பிள்ளை பிறக்காமல் செய்கிற ஊசி என்று ஊர் தீர்மானித்துவிட்டது. அது போதாதென்று இன்னொரு சந்தேகம்: சும்மா கொடுக்கிற மருந்து எப்படி நல்ல மருந்தாக இருக்கும்? மெயின் ரோட்டில் இருந்த தனியார் டாக்டரிடம் போய், "ஒரே ஒரு ஊசி போட்டுடு டாக்டரே" என்று கெஞ்சி இடுப்பைக் காட்டுகிற அதே ஜனம், வீடு தேடி நான் போனால் வேலி தாண்டி ஓடியது.

வெயிலில் அலைந்து திரிந்து, டீக்கடை கஜாவின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கஜா நல்ல மனுஷன், டீ மட்டும் சுமார்.

"இன்னா நர்ஸம்மா, போணியே ஆவலையா?"

"எங்கன ஆவ? ஒரு பிள்ளைகூட வரலியே."

"எப்டி வரும்? யாராவது மொதல்ல போணி பண்ணாத்தானே மத்தவன் வருவான்? நம்ம நைனாவ இட்டாறேன், இரு."

அப்படித்தான் வந்து சேர்ந்தார். நல்ல உயரம், எலும்பும் தோலுமான உடம்பு, பொத்தான் இல்லாத காக்கிச் சட்டை, காதில் ஒரு பீடி. முன்னே ஏர் ஓட்டியவர். நிலம் மனையானதும் வேறு வேலைக்குப் போகாமல் தன் கைராசியை நம்பிப் பிழைத்தவர். காலையில் கடை திறந்ததும் முதல் வியாபாரம் நைனா கையால் நடந்தால் அன்றைக்குக் கல்லா நிறையும் என்பது வேலப்பன்சாவடி கடைக்காரர்களின் நம்பிக்கை. காய்கறிக்காரர் வீட்டுக்கே வந்து கூட்டிப்போவார். சைக்கிள் கடைக்காரர் பாரில் உட்கார வைத்து அழைத்துப்போவார். எல்லா இடத்திலும் டீ, பீடி உபசாரம். சாவுச் சாமான் கடைக்காரர் கூப்பிட்டபோது மட்டும், "வாணாம் அண்ணாத்தே, உன் கடைக்கு நான் போணி பண்ணா ஊரு தாங்காது" என்று கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

நைனா என் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"எவ்ளோம்மா?"

"இலவசம் நைனா."

"அட, வெலையச் சொல்லும்மா."

"சர்க்கார் மருந்து. துட்டு வாங்கக் கூடாது."

"துட்டு வாங்காம எப்டிம்மா போணி ஆவும்? நான் குடுக்கணும், நீ வாங்கணும். அதானே போணி?"

"வாங்கினா என் வேலை போயிரும். ஏழு ஜில்லா தாண்டிப் பிழைக்க வந்திருக்கேன்."

நைனா தாடையைச் சொறிந்தார். விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் போய், வேலியோரத்து மரத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் பறித்துக்கொண்டு வந்தார்.

"இத்த வாங்குனா வேல பூடுமா?"

எலுமிச்சம்பழம் வாங்கக் கூடாது என்று எந்த சர்க்கார் உத்தரவிலும் நான் பார்த்ததில்லை. வாங்கிப் பெட்டி மேல் வைத்தேன். நைனா கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கையை நீட்டினார். டெட்டனஸ் ஊசி யாருக்கும் போடலாம் என்பதால் போட்டுவிட்டேன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

பெரிய வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஊசி போட்டுக்கொண்ட நைனாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஊரே சுற்றி நின்று அவரைப் பார்த்தது. உலையில் போட்ட அரிசியைப் பார்ப்பது போல வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

"நைனா, கண்ணு தெரிதா?"

"தெரிது."

"இன்னா தெரிது?"

"உன் மூஞ்சி தெரிது. வேற நல்லதா எதுனா காட்டு."

"தல சுத்துதா?"

"நீங்கல்லாம் சுத்தி நின்னா சுத்தாம இன்னா செய்யும்?"

கஜா அடுத்த பரீட்சையை வைத்தான். "புத்தி நெலையா கீதான்னு பாக்கணும். உன் பொண்டாட்டி பேரு இன்னா?"

"எந்தப் பொண்டாட்டி?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துடைப்பம் பறந்து வந்தது. எறிந்தவள் லோகம்மா, நைனாவின் ஒரே பொண்டாட்டி. அதை நைனா ஊசி போட்ட கையாலேயே லாவகமாகப் பிடித்தார். கை விளங்குகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஒரு டீ குடித்தார், தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பினார், பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். அந்த ஏப்பம்தான் உத்தரவு. கதவுகள் திறந்தன, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாய்மார் வந்தார்கள். நான் ஊசி போட்டுக் களைத்துப் போனேன்.

அன்று முதல் புதன்கிழமை என்றால் எலுமிச்சம்பழம், நைனா, ஏப்பம், பிறகுதான் ஊசி. எங்கள் வீட்டில் ஊறுகாய்க்குப் பஞ்சமே இல்லை. சேலத்துக்காரர் வீட்டுக்கும் மதுரைக்காரர் வீட்டுக்கும்கூட ஜாடியில் போகும். "உன் சம்பளத்துல பாதி ஊறுகாயாத்தான் வருது" என்பார் என் வீட்டுக்காரர்.

விஷயம் எங்கள் சுகாதார நிலையத்து டாக்டர் காதுக்குப் போயிற்று. "ஒரு ஆம்பளைக்கு எத்தனை தடவைம்மா டெட்டனஸ் போடுவே? அந்த ஆள் என்ன துருப்பிடிச்ச ஆணி மேலயே படுத்துத் தூங்குறானா?" என்று கத்தினார். கடைசியில் ஒரு வழி சொன்னார்: பேசாமல் வைட்டமின் ஊசியைப் போட்டு அனுப்பு. அடுத்த புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். நைனா ஊசியைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார்.

"இது கலரா கீதே. போன வாட்டி தண்ணியாட்டம் இருந்துச்சி."

"இது சத்து ஊசி நைனா. ஒடம்புக்கு நல்லது."

"என் ஒடம்பு கெடக்குது வுடு. கொயந்தைங்களுக்கு இதான் போடப் போறியா?"

"இல்ல..."

"அப்போ எனக்கும் வாணாம். விக்கறது ஒண்ணு, போணி பண்றது ஒண்ணா? என்னிய நம்பித்தானேம்மா கைய நீட்டுதுங்க."

டாக்டரிடம் வந்து சொன்னேன். அவர், பெரியவர்கள் உடம்பு எதைத் தாங்குமோ அதை மட்டும் போடு, என்னை எதுவும் கேட்காதே என்றார்.

நைனா செய்த உபகாரத்தில் எனக்கு மறக்க முடியாதது இரும்புச் சத்து மாத்திரை விவகாரம். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தால் வெளிக்குக் கறுப்பாகப் போகும். பயந்துபோய் மாத்திரையைக் கோழிக்குப் போட்டுவிடுவார்கள். நூம்பல் கோழிகள் அந்தக் காலத்தில் ரத்தசோகை இல்லாமல் கொழுகொழுவென்று திரிந்தன. நைனா மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று, தெருவே கேட்கும்படி அறிவித்தார்: "பொம்பளைங்களே, நல்லா கேட்டுக்கோங்க! கறுப்பாத்தான் போவும்! எனக்கே போச்சி! ஒண்ணும் ஆவல!" டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். கஜா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் கோழிகள் இளைத்தன, பெண்கள் தேறினார்கள். காப்பர்-டி பற்றி நான் பேச்செடுத்த அன்று மட்டும் நைனா துண்டை உதறித் தோளில் போட்டு, "இது லோகா டிபார்ட்மெண்டு" என்று எழுந்து போய்விட்டார்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் சொல்லப் போவதை அப்படி எழுத முடியவில்லை.

அது ஒரு ஆடி மாசம். பக்கத்துக் காலனியில் தட்டம்மை வந்து, ஒரு பிள்ளை செத்தே போய்விட்டது. நூம்பலுக்கு வர அதிக நாள் ஆகாது. மற்ற எந்த ஊசியை வேண்டுமானாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அம்மை என்பது நோய் இல்லையே, ஆத்தா அல்லவா? ஆத்தா வந்தால் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அவளாக இறங்கிப் போகும்வரை கும்பிட்டு நிற்க வேண்டும். அவளுக்கே ஊசி காட்டலாமா?

தனம் என்று ஒருத்தி. முந்தின வருஷம் இதே அம்மைக்குத் தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது இடுப்பில் பத்து மாசப் பெண் குழந்தை, நல்ல சிரித்த முகம். ஊரில் வேறு யாருக்குப் போடாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. தனம் என்னை வாசல்படி ஏறவிடவில்லை.

"போன தபா ஆத்தாவுக்கு ஒயுங்கா செய்யலன்னுதான் எம்புள்ளய தூக்கினு பூட்டா. இப்போ ஊசி வேற போட்டு அவள சீண்டச் சொல்றியா? இது ஒண்ணாவது எனக்குத் தங்கட்டும். நீ போம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

நர்ஸ் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பாடம் வைக்கவில்லை. நேராக நைனாவிடம் போனேன். முதல் தடவையாக அவரும் தயங்கினார். "ஆத்தா சமாச்சாரம்மா" என்று பீடியைக் காதிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு, "புதங்கெயம வா. கோயிலாண்டையே வெச்சிக்கலாம். அவ கண்ணு முன்னாடியே போணி பண்றேன். கோவம்னா மொதல்ல என்னிய தூக்கட்டும்" என்றார்.

அந்தப் புதன்கிழமை கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். பம்பைக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. ஊசி போட்டுக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை. நைனாவை ஆத்தா என்ன செய்கிறாள் என்று பார்க்க வந்திருந்தார்கள். தனமும் பிள்ளையோடு ஒரு ஓரமாக நின்றாள். கொளுத்துகிற வெயிலில் நைனா துண்டை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்தார். எலுமிச்சம்பழத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். பஞ்சால் துடைக்கலாம் என்று பிடித்தேன். கை கொதித்தது.

"நைனா, காய்ச்சல் அடிக்குது! எப்பமிருந்து?"

"கத்தாத. முந்தாநேத்து வந்து குளிருல தூக்கித் தூக்கிப் போட்டுச்சி. நேத்து ஒண்ணுமில்ல. இப்போ மறுபடி வர்றாப்புல கீது."

ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் ஜுரம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவே வேண்டாம், மலேரியா. "இன்னைக்கு உங்களுக்கு ஊசி கிடையாது" என்றேன்.

"எனக்குப் போடலன்னா யாரும் போட மாட்டாங்கம்மா."

"போட்டா மட்டும்? ஊசி போட்டதும் நடுங்கிக்கிட்டு விழுவீங்க. ஆத்தா தூக்கிட்டான்னுதான சொல்லுவாவ?"

"அப்ப அடுத்த வாரம் வெச்சிக்கலாமா?"

"அடுத்த வாரத்துக்குள்ள அம்மை வந்துரும் நைனா."

என் கையில் ஊசி, அவர் கையில் காய்ச்சல், தனத்தின் இடுப்பில் பிள்ளை. நான் எதையும் முடிவு செய்வதற்குள் குளிர் வந்துவிட்டது. முதலில் விரல் ஆடியது. பிறகு தோள். பிறகு பல்லோடு பல் அடித்து, உடம்பு முழுசும் தூக்கிப் போட ஆரம்பித்தது.

ஒரு நொடிதான் கூட்டம் திகைத்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆத்தா வந்துட்டாடீ! நைனா மேல ஆத்தா வந்துட்டா!"

ஏ யப்பா, அந்தச் சத்தத்தை என்ன சொல்ல! பம்பைக்காரர்கள் எழுந்து அடி அடி என்று அடித்தார்கள். யாரோ நைனா கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் கொட்டினார்கள். குளிர் ஜுரத்தில் நடுங்குகிற மனுஷருக்கு அபிஷேகம்! ஊற்ற ஊற்ற நடுக்கம் கூடியது, நடுக்கம் கூடக் கூட இன்னும் ஊற்றினார்கள். "ஊத்தாதீங்க, அது காய்ச்சல்" என்று கத்த வாயைத் திறந்தேன். நைனா என்னைப் பார்த்தார். அந்த ஆட்டத்திலும் அவர் எனக்காகத் தலையசைத்தது தனியாகத் தெரிந்தது. சொல்லாதே என்று அசைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

தனம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பிள்ளையோடு அவர் காலடியில் விழுந்தாள்.

"ஆத்தா! நீயே சொல்லு! எம்புள்ளைக்கு ஊசி போடலாமா, கூடாதா? தப்புன்னா இப்பவே சொல்லிடு, நான் தாங்க மாட்டேன்!"

பம்பை நின்றது. நைனாவின் பல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சத்து ஊசி போட்டு ஊரை ஏமாற்றச் சம்மதிக்காத ஆள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போ... போடு..." என்று குரல் வந்தது. "போடுடீ. அ... அது நான் குடுத்தனுப்புன மருந்துடீ. எ... எங்கொயந்தைங்களுக்கு நானே குடுத்தனுப்புனது. எ... எல்லாத்துக்கும் போடு!"

கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது. ஆத்தா மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் பேசினாள்:

"மொதல்ல த... தண்ணி ஊத்தறத நிறுத்து! ஒரு கம்பளி கொண்டா! சூ... சூடா ஒரு டீ!"

ஆத்தா டீ கேட்டது நூம்பலில் அதுவே முதல் தடவை. கஜா பறந்தான். தன் வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல டீயை அவன் அன்றைக்குத்தான் போட்டான். நைனாவைக் கம்பளியில் சுற்றி வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, லோகம்மா டீயைப் புகட்டினாள். நான் ஊசியை எடுத்தேன். தனம்தான் முதலில் வந்தாள். பிள்ளை வீல் என்று கத்திவிட்டு, பிறகு என் காதுக் கம்மலைப் பிடித்து இழுத்தது. ஒன்று விடாமல் எல்லாப் பிள்ளைக்கும் போட்டேன், பெட்டியில் ஐஸ் கரைந்து முடிந்தபோது மருந்தும் முடிந்திருந்தது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு நைனா வீட்டுக்கு ஓடினேன். பரிசோதனைக்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்துக்கொண்டு, மலேரியா மாத்திரையைக் கையில் வைத்தேன். சர்க்கார் மருந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிய மனுஷர், அந்த மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த யாரு போணி பண்ணது?"

"என்ன நைனா வெளையாடுதீங்களா? முழுங்குங்க."

"ஊருக்கெல்லாம் நான் முன்னாடி நிக்கறேன். எனக்கு முன்னாடி யாருனா வாணாமா?" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பயந்துபோய்த்தான் இருந்தார்.

ஒரு மாத்திரையை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் கசப்பு ஜென்மத்துக்கும் மறக்காது. அவர் கேட்கும் முன்னால் நானே சொன்னேன்: "கண்ணு தெரியுது. தலை சுத்தலை. வீட்டுக்காரர் பேரு ஞாபகம் இருக்கு." நைனா கையிலிருந்த மாத்திரையை விழுங்கினார். லோகம்மா எங்கள் ரெண்டு பேருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

"எனக்கு அம்ம ஊசி பாக்கி கீதும்மா" என்றார் படுத்துக்கொண்டே. "போணி பண்ணாமலே வித்துட்டோம்."

உடம்பு தேறியதும் அவராகவே வந்து அந்த ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு எலுமிச்சம்பழம் எனக்கு, இன்னொன்று கோயிலில் ஆத்தா காலடிக்கு. "பொய் சொல்லிட்டோமோன்னு மனசு அடிச்சிகினே கீது" என்றார். "நடுங்குனது காச்சலு, அது எனக்கே தெரியும். பேசுனது யாருன்னுதான் தெரியல." ரத்தப் பரிசோதனையில் மலேரியாக் கிருமி இருந்தது. ஆத்தா இருந்தாளா என்று பார்க்க எங்களிடம் பரிசோதனை கிடையாது.

அந்த வருஷம் காலனியில் வந்த அம்மை நூம்பல் எல்லையோடு நின்றது. ஊர், ஆத்தா காப்பாற்றினாள் என்றது. டாக்டர், தடுப்பூசி என்றார். நான் ரெண்டு பேரோடும் சண்டைக்குப் போகவில்லை.

பிறகு எனக்கு வேறு ஊர் மாற்றலாகிவிட்டது. தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்து வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்னை நூம்பலில் வேலைக்குப் போட்டார்கள். காலையில் போனால் எனக்கே அதிர்ச்சி. நான் போய்ப் பெட்டியை இறக்குவதற்கு முன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரிய வரிசை நிற்கிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கதவு எதுவும் சாத்தவில்லை. எல்லாருக்கும் முன்னால், இடுப்பில் தம்பியோடு ஒரு பெண் நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, தனத்தின் மகள். என் கம்மலைப் பிடித்து இழுத்த அதே சிரிப்பு.

நான் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் கட்டிய மாடி வீட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, "ஏன் மேடம் லேட் பண்றீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

கடைசியில் வந்தார். கோலை ஊன்றிக்கொண்டு, முதுகு வளைந்து, வாயில் ஒரு பல்கூட இல்லாமல். மறு கையில் எலுமிச்சம்பழம். வரிசையைப் பார்த்தார், தலையிலிருந்து வால் வரை பார்த்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இன்னாம்மா நீ" என்றார். "இம்மாங் கூட்டம் அதுவாவே வந்துகீது. இனிமே நான் இன்னாத்துக்கு?"

இத்தனை வருஷம் என் வாயில் நுழையாத பாஷை அன்றைக்குத் தானாக வந்தது. "இன்னும் போணியே ஆவல நைனா. உனக்காவத்தான் எல்லாரும் காத்துக்கினு கீறோம். வா."

நாற்காலியில் உட்கார வைத்து, "ஆ காட்டுங்க" என்றேன். பல்லில்லாத வாயைக் கைக்குழந்தை மாதிரி அகலமாகத் திறந்தார். சொட்டு மருந்தை விட்டேன். சப்புக்கொட்டினார். கூட்டத்திலிருந்து கஜாவின் குரல், அதுவும் கிழடு தட்டிப் போய் வந்தது: "நைனா, கண்ணு தெரிதா?"

"தெரிது."

"இன்னா தெரிது?"

நைனா வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். தனத்தின் மகளிடம் வந்ததும் பார்வை நின்றது.

"கொயந்தைங்க" என்றார். "எல்லாம் கீதுங்க."

அன்றைக்குக் கிடைத்த எலுமிச்சம்பழத்தை மட்டும் நான் ஊறுகாய் போடவில்லை.